பி.டி. பீரியடைப் பிள்ளைகளுக்கே விடுங்கள்

வேலூர் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

காட்பாடிப் பக்கம் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் பின்கழுத்தில் வெல்வெட் துணி ஒட்டினாற்போல் கறுப்பாக ஒரு பட்டை. "எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்கு போக மாட்டேங்குது சார்" என்றார் அவன் அம்மா. கடலைமாவு, எலுமிச்சை, பீர்க்கன்நார் எல்லாம் போட்டுத் தேய்த்ததில் ஓரங்களில் தோல் சிவந்து கிடந்தது. அது அழுக்கே இல்லை. இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாமல், அது அளவுக்கு மேல் சுரக்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். சர்க்கரை வரப்போகும் எல்லையில் நிற்கிறான் பையன். வயது பதினான்கு.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் உலகம் முழுவதும் சுமார் 3 கோடி. 2022இல் சுமார் 16 கோடி. இந்தியாவில் அதே காலத்தில் 4 லட்சம் என்பது 1.25 கோடியாகிவிட்டது. பணக்கார நாடுகள் பலவற்றில் 2000 வாக்கில் இந்த ஏற்றம் உயரத்திலேயே நின்றுவிட்டது. வேகம் பிடித்தது நம் ஆசியாவில்தான். எடை குறைந்த பிள்ளைகளைவிடப் பருமனான பிள்ளைகள் உலகில் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025இல் யுனிசெஃப் சொன்னது. தெற்காசியாவிலும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் மட்டும் இன்னும் அப்படி ஆகவில்லை. ஆனால் அதை நினைத்து ஆறுதல்பட முடியாது. ஒரே பெஞ்சில் எலும்பு தெரியும் பிள்ளையும் மூச்சு வாங்கும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பசிபிக் தீவுகளான நியூவேயிலும் குக் தீவுகளிலும் மூன்றில் ஒரு பிள்ளைக்கு மேல் உடற்பருமன். ஊர்ச் சாப்பாடு போய், கப்பலில் வந்திறங்கும் மலிவான பாக்கெட் உணவு அந்த இடத்தைப் பிடித்ததுதான் பெரிய காரணம். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் தின்று வளர்ந்த வட ஆற்காட்டுக்காரனுக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. சிலி நாடு 2016இலேயே, சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு முத்திரை போட்டு, அவற்றைப் பள்ளிக்குள் விற்கவும் தடை விதித்தது. நம்மிடமும் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. உங்கள் பள்ளி வாசலில் நின்று ஐம்பது மீட்டர் நடந்து பாருங்கள். அப்புறம் உங்கள் கேன்டீனுக்கும் போய்ப் பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வீடும் கடையும் பொறுப்பு என்றே வைத்துக்கொள்வோம். பி.டி. பீரியடுக்கு யார் பொறுப்பு? வளரும் பிள்ளைகள் தினம் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்கில், 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். காலை ஏழு மணிக்கு வேன், மாலை டியூஷன், இரவு எட்டரைக்கு வீடு. இந்த நாளில் ஓடுவதற்கு மிச்சமிருப்பது அந்த ஒரு பீரியட்தான். "போர்ஷன் முடியலை சார்" என்று கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். நானும் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ வருடங்கள், ஜனவரியிலிருந்து தேர்வு வரைக்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அது இன்றும் உறுத்துகிறது.

அடுத்த கல்வியாண்டுக் கால அட்டவணை போடும்போது பி.டி. பீரியடைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தள்ளாதீர்கள். வேலூர் வெயிலில் அந்த நேரத்தில் மைதானத்தில் கால் வைக்க முடியாது. காலை முதல் பீரியடாகக் கொடுங்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. எடை பார்ப்பதாக இருந்தால் எல்லார் முன்னாலும் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். "குண்டு" என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை மைதானத்துப் பக்கமே வராது. எங்கள் தெருப் பையன் அப்படித்தான் ஆறாம் வகுப்பிலேயே கபடியை விட்டான். இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு என்னோடு கோட்டை அகழியைச் சுற்றி நடக்கிறான். முதல் வாரம் பாதிச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். நேற்று முழுச் சுற்று வந்தான்.

உங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று நாள் காலையில் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காட்பாடி