உறுதிமொழி எடுப்பதற்கு முன்

மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள வித்யா,

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தை நிரப்பும்போது உனக்கு வந்த தயக்கம் நியாயமானதே. சாமி பேரைச் சொல்லி வேறொரு நாட்டுக்குச் சத்தியம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்ய வேண்டியதில்லை. உறுதிமொழியில் "கடவுள் துணை நிற்பாராக" என்ற கடைசி வரியை விட்டுவிடலாம், சத்தியத்துக்குப் பதிலாக "உறுதி கூறுகிறேன்" என்றும் சொல்லலாம். அதனால் குடியுரிமைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அதை விழா மேடையில் போய்ச் சொல்லாதே, நேர்காணலிலேயே அதிகாரியிடம் சொல்லிவிடு.

நீ விசுவாசம் காட்டப்போவது அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்துக்கு. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் படைத்தவன் வருகிறான். 1787இல் எழுதிய அரசியலமைப்பு கடவுளை அழைக்கவில்லை. எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று அதன் 6ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் கடவுளைச் சேர்த்தது 1954இல். "கடவுளை நம்புகிறோம்" தேசிய வாசகமானது 1956இல். பிற்காலத்தில் ஒட்டியதை அஸ்திவாரம் என்று நினைத்துக் குழம்பாதே.

நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் இதே விவாதம் நடந்தது. முகவுரையைக் "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என உறுப்பினர் எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் இல்லை. இன்னோர் உறுப்பினர் பட்டம் தாணுப் பிள்ளை கடவுள் நம்பிக்கை உள்ளவர். இது நம்பிக்கை விஷயத்தில் வற்புறுத்தலாகிவிடும் என்றுதான் எதிர்த்தார். நான் இன்றும் அவர் பக்கம்தான்.

இந்த வற்புறுத்தலை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்தவர்கள், வேடிக்கையாக, இரண்டு நாட்டிலும் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பிள்ளைகளே. கொடிக்கு வணக்கம் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943இல் பார்னெட் வழக்கில் தீர்ப்பளித்தது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்த கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று நம் உச்ச நீதிமன்றம் 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் சொன்னது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படி. குடியுரிமைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் கேள்விகளைவிட அதிகம் புரியும்.

ஆயுதம் ஏந்துவீர்களா என்ற கேள்வி விண்ணப்பத்தில் வரும். மத நம்பிக்கையோ ஆழமான அறநெறியோ தடுத்தால் "இல்லை" என்று எழுதலாம், காரணத்தை விளக்கத் தயாராக இரு. தயக்கம் இல்லாதவர்கள் சும்மா அப்படி எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் உன் பெயர். இனிஷியலை விரித்து என் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்ட பாஸ்போர்ட் உன்னுடையது. குடியுரிமைச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பம் திரும்பி வரலாம். அங்கேயே சரிபார்த்துவிட்டு வாங்கு.

பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்வரை இந்தியக் குடியுரிமை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, நீயாக விரும்பி அமெரிக்கக் குடியுரிமை பெற்றதுமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யாதே. முதலில் ஒப்படைப்புச் சான்றிதழ், பிறகு ஓசிஐ. ஓசிஐ வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பாட்டி வழி நஞ்சை வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. நீக்குவதற்குப் படிவம் 7 போட வேண்டும். உறுதிமொழி முடிந்த பிறகு போடு, முன்னால் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா