தேன் கடையும் பாட்காஸ்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவணிகர்கள் ஆளுக்கொரு பாட்காஸ்ட் (இணையவழி ஒலி நிகழ்ச்சி) தொடங்கினால் விளம்பரச் செலவில்லாமலே விற்பனையைக் கூட்டிவிடலாம் என்ற தொனியில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மார்த்தாண்டத்தில் தேனும், தேனீ வளர்ப்புக்கு வேண்டிய பெட்டி, புகைப்பான், தேன் எடுக்கும் இயந்திரம் முதலியவையும் விற்கும் கடையை நடத்திக்கொண்டே, தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு பாட்காஸ்டையும் சில ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில், அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட சிலவற்றை எழுத விரும்புகிறேன். விற்பனைக்காகத்தான் தொடங்குவது என்றால் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

எங்கள் பேச்சைக் கேட்டு வெளியூரிலிருந்து தேன் கேட்டு அழைப்பவர்கள் உண்டு. ஆனால் கண்ணாடிப் பாட்டிலைப் பொதிந்து கூரியரில் அனுப்பும் செலவைச் சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். பலன் வேறு இடத்தில் கிடைத்தது. குமரி மாவட்டத்தில் கிடைக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். அதில் குளுக்கோஸ் மிகுதி என்பதால் சீக்கிரமே உறைந்து, பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். 'சீனி கலந்திருக்கிறீர்கள்' என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருபவரிடம், அது தேனின் இயல்பு என்றும், இளஞ்சூடான வெந்நீரில் பாட்டிலைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும் என்றும் கடையில் நின்று விளக்கினால், விற்பவன் வேறு எப்படிச் சொல்வான் என்றுதான் அவர் நினைப்பார். அதையே பாட்காஸ்டின் ஒரு பகுதியில் நிதானமாகப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விற்பனை இதனால் கூடியதாகக் கணக்குப் புத்தகத்தைக் காட்டி என்னால் சொல்ல முடியாது. திரும்பி வரும் பாட்டில்கள் குறைந்தன என்று சொல்ல முடியும்.

எந்தத் தொழிலுக்கு ஒலி பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதையும் அந்தக் கட்டுரை யோசித்திருக்கலாம். புடவை விற்பவருக்குப் படம்தான் வேண்டும். எங்கள் தொழிலில் காதுக்கு வேலை இருக்கிறது. குலசேகரம் பக்கம் மூத்த தேனீ வளர்ப்பாளர் ஒருவர் கடைக்கு வந்தால் மணிக்கணக்கில் பேசுவார். ஒலிவாங்கியை முன்னால் வைத்ததும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். ஆகவே அவருடைய தோட்டத்துக்கே போய், அவர் பெட்டிகளைத் திறந்து பார்க்கும்போது பதிவு செய்தோம். ஒரு பெட்டியின் மூடியை நீக்கியவர், அடைகளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னரே, "மக்கா, இதுல ராணி இல்ல, சத்தத்தக் கேளு" என்றார். ராணியுள்ள கூட்டின் சீரான முரலுக்கும், ராணியை இழந்த கூடு எழுப்பும் அலைபாயும் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பதிவில் அப்படியே விழுந்திருக்கிறது. எத்தனை பக்கம் எழுதினாலும் அதைப் புதிதாக வளர்ப்பவருக்குப் புரியவைக்க முடியாது.

இந்த ஊரில் தேனீ வளர்ப்பு, 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தின் வழியாகப் பரவியது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூடுகளைப் பெருமளவில் அழித்தபோது பெட்டிகளையெல்லாம் காலியாகப் பார்த்து நின்றவர்கள், மீண்டும் எப்படித் தொழிலைக் கட்டி எழுப்பினார்கள் என்பது பெரும்பாலும் அவர்களுடைய வாயில்தான் இருக்கிறது. அதைப் பதிவு செய்வதில் எனக்கு வணிக லாபம் ஏதுமில்லை. ஆனாலும் எங்கள் பாட்காஸ்டின் பகுதிகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது இந்த உரையாடல்கள்தாம்.

வணிகரே பேசும்போது ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. தேன் சளியைப் போக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்றெல்லாம் விருந்தினர்கள் ஆர்வத்தோடு சொல்வார்கள். தனி ஒருவர் வீட்டுத் திண்ணையில் சொன்னால் அது பேச்சு. தேன் விற்பவன் நடத்தும் நிகழ்ச்சியில் சொன்னால் அது விளம்பரம். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள் தடுக்கின்றன. அத்தகைய வரிகளை நான் தயங்காமல் வெட்டிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் நுண்ணுயிரியின் வித்துகள் ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பதால், ஒரு வயது வரை தேன் தொட்டுக்கூடக் காட்டக் கூடாது என்று ஒரு பகுதி முழுவதும் பேசினேன். சொந்த வியாபாரத்தை நீயே கெடுக்கிறாயா என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அதன் பிறகுதான் எங்களிடம் வாங்காதவர்களும் சந்தேகம் கேட்டு அழைக்கத் தொடங்கினார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்ற அறிவுரை எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்த்ததும், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் மது என்னும் இனிப்பு நீர் சுரக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அதுதான் எங்களுக்கு அறுவடை. அந்த மாதங்களில் பெட்டிகளை இடம் மாற்றுவதா, ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஜூனில் மழை தொடங்கிப் பூ இல்லாத காலம் வந்த பிறகுதான் வளர்ப்பவர்களுக்கும் கேட்க நேரம் இருக்கும், கேள்விகளும் இருக்கும். தகரக் கூரைமேல் மழை விழும்போது பதிவு செய்ய முடியாது என்பது தனிச் சங்கடம். எனவே ஆண்டுக்கு ஒரு பருவம், அதற்குச் சில பகுதிகள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறோம். இதற்காக யாரும் எங்களைக் கைவிட்டதாகத் தெரியவில்லை.

பதிவிறக்க எண்ணிக்கையைப் பற்றி அந்தக் கட்டுரை அதிகம் பேசியது. ஆப்பிள் நிறுவனம் 2023 செப்டம்பரில் ஐபோன் மென்பொருளில் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியதும் உலகெங்கும் பல பாட்காஸ்டுகளின் எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர்கள் ஓடிப்போனதால் அல்ல, கேட்காமல் கிடந்த பகுதிகள் தானாக இறங்குவது குறைந்ததால். எங்கள் ஊரிலோ ஒலிக்கோப்பு வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறி, விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரின் சட்டைப் பையில் ஒலிக்கிறது. அது எந்தக் கணக்கிலும் வராது. பேச்சிப்பாறைக்கு மேலே இணையம் திக்கித் திணறும் என்பதால் ஒற்றைத் தடத்தில் (மோனோ) நொடிக்கு 64 கிலோபிட் அளவில் கோப்பைத் தருகிறோம். இருபது நிமிடப் பேச்சு பத்து எம்.பி.க்குள் அடங்கிவிடும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி 2024இல் மூடப்பட்டபோது எங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, ஏனெனில் புதிய பகுதிகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஊட்டமும் (ஃபீட்) மூலக்கோப்புகளும் எங்கள் கையிலேயே இருந்தன. தொடங்க நினைப்பவர்கள் விலையுயர்ந்த ஒலிவாங்கியைப் பற்றி விசாரிப்பதற்கு முன், இவை தங்கள் கையில் இருக்குமா என்று விசாரிப்பது நல்லது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சிறுதொழில் செய்வோருக்கு எங்கள் மாவட்டத்தில் அரசுப் பயிற்சிகள் நடக்கின்றன. பேசப் பொருள் உள்ளவர்களுக்கும் குறைவில்லை. மயிலாடியில் கல் செதுக்குபவர்களும் தோவாளையில் மாலை கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாரிடமும் அமைதியான அறை கிடையாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ, சுவருக்குத் தடித்த திரை போட்ட சிறிய அறை ஒன்றை, முன்பதிவு செய்து மணிக்கணக்கில் பயன்படுத்திக்கொள்ளும்படி ஒதுக்கித் தரலாம். மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்கு இதைத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தேன் வணிகர் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.