கினபாலு எரிமலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த, மலேசியாவின் சபா மாநிலப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் கினபாலு மலையை 'உறங்கும் எரிமலை' என்று எழுதியிருந்ததுதான் உறுத்தியது. அது ஒரு நாளும் எரிமலையாக இருந்ததில்லை.

சுமார் 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு மேலே வர வழியில்லாமல் பூமிக்கடியிலேயே நிதானமாக ஆறி இறுகியது. அப்புறம் நிலம் உயர்ந்தது, மேலே மூடியிருந்த பாறை அரித்துப் போனது, உள்ளே கிடந்த கருங்கல் வெளியே தெரிந்தது. நம்பாதவர்கள் 4,095 மீட்டர் உச்சிக்குக் கயிறு பிடித்து ஏறும்போது தலைவிளக்கைப் பாறையருகே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். வெள்ளைப் படிகங்களும் கறுப்பு மணிகளும் நெருக்கமாகக் கோத்துக் கிடக்கும். வெளியே வழிந்து சட்டென ஆறும் குழம்புக்குக் கல் முழுக்க இப்படிப் படிகம் வளர்க்க நேரமேது? ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளையே பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் சொரசொரப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

'ஆண்டு முழுதும் பனி மூடிய சிகரம்' என்பதும் சரியல்ல. பனியுகத்தில் அங்கே பனியாறுகள் இருந்தன. உச்சிப் பாறையை வழுவழுவென்று இழைத்தவை அவைதான். இன்று விடியற்காலையில் குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கும், சில நாள் உறைபனி படியும், அவ்வளவுதான். பூமத்திய ரேகையிலிருந்து 6 பாகைதான் தள்ளியிருக்கிறது.

பயணிகளுக்குச் சொல்ல வேண்டியது மழையைப் பற்றி. மேலே மண் இல்லை, வெறும் பாறை. பெய்த நீர் அப்படியே சரிந்து ஓடும். முதல் முறை போனபோது, 3,270 மீட்டரில் உள்ள பனலாபான் தங்குமிடத்தில் இரவு 2 மணிக்குக் காலணி மாட்டித் தயாராக இருந்தோம். வெளியே ஒரே இரைச்சல். வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்று வேண்டாம்" என்றார். கோபம்தான் வந்தது. விடிந்ததும் பாறைச் சரிவெங்கும் அருவிகளாக இறங்குவதைப் பார்த்தபின் வாயைத் திறக்கவில்லை.

2015 ஜூன் 5 அன்று 18 உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தையும் கட்டுரை எரிமலைக் கணக்கில் சேர்த்திருந்தது. அது நிலப்பிளவு நகர்ந்ததால் வந்தது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் நல்லது. என் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காக அந்தக் கட்டுரையை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். தாத்தா சொல்வதைவிடப் பத்திரிகை சொல்வதைத்தான் நம்புகிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஈப்போ