மணியின் நாக்கில் சுற்றிய துணி

அன்புள்ள ஆயாம்மாவுக்கும், ஆசிரியைகளுக்கும், எங்கள் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும்,

நேற்று மதியம் என் மகள் வகுப்பின் கைமணியை அடித்தாள். அதன் நாக்கில் துணி சுற்றாமல் அடித்தாள். வகுப்பு வாசலில் நின்று, இரண்டு கைகளாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை. அடித்து முடித்த பிறகு காதைப் பொத்தவில்லை. மணியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளை அழைத்துப்போக வந்த நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அழுதேனா என்று என்னைக் கேட்காதீர்கள், பார்த்தவர்களைக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு நடந்ததும், எந்த நிலையில் அவளை உங்களிடம் கொண்டுவந்து விட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் எழுதிவிடுகிறேன். இன்றிரவே எழுதாவிட்டால் நாளைக்கு இது வெறும் மரியாதைக் கடிதமாகிவிடும்.

பலருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். அன்றைய நாளின் வரிசையைப் படங்களாக வரைந்து, அவள் கண்மட்டத்தில் ஒட்டிவைத்தீர்கள். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அந்தப் படத்தை அவளே எடுத்துப் பெட்டியில் போடலாம் என்றீர்கள். கதை நேரத்தில் வட்டத்துக்குள் உட்காராமல் கதவோரம் நின்று கேட்க விட்டீர்கள். ஒரு வார்த்தை பேச அவள் எடுத்துக்கொண்ட அந்த நீண்ட நேரத்தை யாரும் அவளுக்காகப் பேசி நிரப்பவில்லை. பிறந்தநாள் அழைப்பில் அவள் பெயரை விட்டுவிடாமல், பலூன் இருக்காது என்றும் முன்கூட்டியே சொல்லியனுப்பிய பெற்றோருக்கு, அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்பது தெரிய வேண்டாம்.

வகுப்பாசிரியைக்குத் தனியாக ஒன்று. முதல் மாதம், "மற்றவர்கள் விளையாடுகிறார்கள், இவள் மட்டும் சும்மா நிற்கிறாளே" என்று உங்களிடம் வந்து நின்றேன். "அவள் கால்களைப் பாருங்கள்" என்றீர்கள். இரண்டு பாதங்களும் விளையாடும் குழந்தைகளின் பக்கம் திரும்பியிருந்தன. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-இலேயே சிறு குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, பக்கத்தில் நின்று பார்ப்பதையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறார் என்று சொன்னீர்கள். அன்றுவரை நான் கணக்குப் பார்த்ததெல்லாம் அவள் கைகளைத்தான். அதன் பிறகு மூன்று வாரம் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மணி.

ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் அந்தப் பித்தளைக் கைமணி அடிக்கும். ஒவ்வொரு முறையும் அவள் மேசைக்கு அடியில் போய்விடுவாள். வெளியே வர அரைமணி நேரமாகும். அதற்குள் அந்த வேலையே முடிந்து அடுத்த மணி அடித்துவிடும். அவளுடைய நாளில் பாதி மேசைக்கு அடியிலேயே போயிற்று. மணியை நிறுத்திவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நிறுத்தியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கட்டைகளை அடுக்கத் தொடங்கினால் உலகத்தையே மறந்துவிடும் ஒரு பையனும் அதே வகுப்பில் இருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. மணி ஒன்றுதான் அவனை எழுப்பும். இவளுக்கு முள்ளாக இருப்பது அவனுக்குப் பிடிகயிறு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றபடி கற்பிக்க வேண்டும் என்று சொல்வது எளிது. இரண்டு குழந்தைகளின் தேவைகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை, ஆயாம்மா. நாற்காலிகளை ஒதுக்க உள்ளே வந்தீர்கள். போகிற போக்கில், "அந்தப் பிள்ளை தகர மூடியை இதைவிடச் சத்தமாகத் தட்டிச் சிரிக்கிறதே, அது ஏன்?" என்று கேட்டீர்கள்.

யாரும் பதில் சொல்லவில்லை. படித்தவர்கள் இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தகர மூடியை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அவளுக்குச் சத்தம் பிரச்சினை இல்லை, எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் பிரச்சினை என்பது உங்கள் கேள்விக்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இந்த இடத்தில் என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். பழகட்டும் என்று வீட்டில் அலாரக் கடிகாரத்தை அவளுக்குத் தெரியாமல் நேரம் மாற்றி மாற்றி அடிக்கவிட்டவள் நான். ஒன்பது நாள் செய்தேன். பத்தாம் நாள் அவள் அந்த அறைக்குள் வரவே மறுத்துவிட்டாள். அவளை எது வதைத்ததோ அதையே மருந்து என்று கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் நீங்கள் ஒரு பழைய பருத்தித் துணியை ஐந்து பட்டைகளாகக் கிழித்து, மணியின் நாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, நூலால் கட்டி, அவள் கையில் கொடுத்தீர்கள். "இனிமேல் நீதான் அடிக்க வேண்டும். எனக்குக் கை வலிக்கிறது" என்றீர்கள். கை வலி பொய் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். அவள் ஆட்டினாள். தொக், தொக் என்றது. கதவைத் தட்டுகிற சத்தம்கூட இல்லை. கட்டை அடுக்கும் பையனின் தோளை நீங்கள் இரண்டு விரலால் தட்டினீர்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் வழி பிறந்துவிட்டது.

ஒரு பட்டையை எப்போது கழற்றுவது என்பதை அவளே முடிவு செய்தாள். முதலாவது பத்து நாளில் போயிற்று. இரண்டாவதற்கு ஒரு மாதத்துக்கு மேல். மூன்றாவதும் போன பிறகு காய்ச்சலில் ஒரு வாரம் வராமல் இருந்து திரும்பினாள். மணியை உங்களிடம் நீட்டி, "மறுபடி கட்டுங்கள்" என்றாள். எனக்கு வயிற்றில் கல் விழுந்தது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை, முகம் மாறவில்லை. பட்டையை எடுத்துச் சுற்றி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "இறுக்கம் போதுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். இந்த ஆண்டு முழுவதிலும் எனக்கு மறக்க முடியாதது நேற்றைய மணியோசை அல்ல, அந்த "போதுமா" தான்.

பிறகு ஆசிரியை ஒருநாள் சொன்னார்: வுட், ப்ரூனர், ராஸ் என்ற மூவர் 1976-இல் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்களாம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு கட்டும்போது, உடனிருந்து உதவுபவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்து, அந்த உதவிக்குச் சாரம் என்று பெயர் வைத்தார்களாம். கொத்தனார் நிற்கக் கட்டுகிற அதே சாரம். அதைக் கேட்ட நீங்கள், "கட்டடம் எழும்பின பிறகு சாரத்தைப் பிரிக்காமல் விடுவார்களா? ஆனால் காயாத சுவரில் பிரித்தால் யார் தலையில் விழும்?" என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கப் போய்விட்டீர்கள். பேராசிரியர்களுக்குப் பக்கம் பக்கமாகத் தேவைப்பட்டதைத் துடைப்பத்தோடு நின்றபடியே சொன்னீர்கள் என்று நான் புகழ்ந்தால் உங்களுக்குக் கோபம் வரும். எனவே புகழவில்லை.

நடுவில் ஒரு பெற்றோர், ஒரு பிள்ளைக்காகப் பள்ளி மணியையே மாற்றுவது நியாயமா என்று கேட்டது எனக்கும் எட்டியது. வருத்தமில்லை. அவள் முன்பு போன இடத்தில் எல்லோருக்கும் ஒரே விதி என்பார்கள், நானும் அதை நியாயம் என்றே நம்பினேன். எல்லோருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, நொண்டுகிற பிள்ளையைத் திட்டுவது போன்றது அது என்று இப்போது படுகிறது. கேள்வி கேட்ட அதே பெற்றோரின் மகன்தான் மணி அடிக்க எனக்கும் முறை வேண்டும் என்று இரண்டு வாரம் அடம்பிடித்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இப்போது செவ்வாயும் வியாழனும் அவன் முறை. அவன் அடிக்கும் முன் என் மகளைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும் என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட விதி. பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மிக்ஸி ஓடினால் இன்னும் அடுத்த அறைக்குப் போகிறாள். பலூன் வேண்டவே வேண்டாம். அடுத்த வகுப்பில் என்ன மணியோ, யார் அடிப்பார்களோ.

எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டேன். காலையில் அவளை விடும்போது வாசலில் நின்று, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், இவள் இப்படித்தான், மன்னியுங்கள்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுகிறேன். அவள் காதில் அது விழுகிறது. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் வந்து படஅட்டைகள் வெட்டித் தருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும். கோடு நேராக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பட்டைகளையும் துவைத்துத் திருப்பித் தருவதாகத்தான் இருந்தேன், ஆயாம்மா. அவற்றைத் தன் பொம்மைக்குப் போர்த்திவிட்டாள், கேட்டால் தர மறுக்கிறாள். திங்கட்கிழமை வேறு துணி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மணி அடிப்பவளின் அம்மா