புது டிரைவர் வந்தால் விழும் லேப்டாப்: நான்கு மாதமாகத் தீராத புகார்

அனுப்புநர்
கட்டட வரைபடத் தொழில் செய்யும் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
லேப்டாப் நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

நாள்: 10.03.2025

பொருள்: கிராபிக்ஸ் டிரைவரால் (திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளால்) லேப்டாப் மீண்டும் மீண்டும் கிராஷ் ஆவது, சோதித்து அனுப்பிய விவரங்களை யாரும் படிக்காதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2024 ஆகஸ்ட் 19 அன்று கோவையில் உள்ள உங்கள் ஷோரூமில் 84,500 ரூபாய் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினேன். வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஊரில் சமதளமாக ஒரு மனை கிடைப்பது அபூர்வம். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் எங்கே மண்ணை வெட்டுவது, எங்கே தாங்கு சுவர் எழுப்புவது, கூரை 7 மீட்டர் உயர வரம்புக்குள் அடங்குமா என்பதையெல்லாம் வீட்டுக்காரருக்குத் தாளில் கோடு போட்டுப் புரியவைக்க முடியாது. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் சரிவோடு சேர்த்து வீட்டை எழுப்பி, நாலு பக்கமும் சுழற்றிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் தனி கிராபிக்ஸ் சிப் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினேன். வாங்கிய காரணமான அந்த ஒரு வேலையில்தான் அது காலை வாருகிறது.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நவம்பர் 11 அன்று அப்படி ஒரு வீட்டு மாடலைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது, இரண்டு மூன்று வினாடியில் திரும்பி வந்தது. சரி, மழைக்காலம், கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அதே நாள் மாலை மறுபடி கறுத்தது. இந்த முறை நீலத்திரை வந்தது, அதில் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று இருந்தது. சேமிக்காத இரண்டு மணி நேர வேலை போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு கிராஷையும் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 27 முறை. கைப்பேசியில் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நவம்பர் 14 அன்று உங்கள் கஸ்டமர் கேருக்குப் பேசினேன். லேப்டாப் சூடாகிறது, காற்று போகும் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். அன்று என் அறையின் வெப்பம் 14 டிகிரி. மாடலைச் சுழற்றும்போதே கிராபிக்ஸ் சிப்பின் வெப்பத்தைப் பார்த்தேன், 70 டிகிரியைத் தாண்டவில்லை. அதைச் சொன்னபோது பேச்சு வோல்டேஜுக்கு மாறியது. சார்ஜரைக் கழற்றிவிட்டு வெறும் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. பிறகு விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றச் சொன்னார்கள். கிராபிக்ஸ் சிப் 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். நீலத்திரையில் வந்த ‘டிடிஆர்’ இதுதான், திரை கறுத்துத் திரும்புவதும் அதனால்தான். அந்த 2 வினாடியை 10 ஆக்கச் சொன்னார் உங்கள் ஊழியர். ஆக்கினேன். திரை 10 வினாடி உறைந்து நின்றுவிட்டு, அதற்கப்புறம் விழுந்தது. பதில் தராத சிப்புக்குக் கூடுதல் நேரம் கொடுத்தோமே தவிர, அது ஏன் பதில் தரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். நவம்பர் 18 அன்று செய்தேன். சாஃப்ட்வேர்களைத் திரும்பப் போட்டு, லைசென்ஸ்களைச் சரிசெய்து, பழைய கோப்புகளைக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. ஒன்பது நாள் ஒரு தொந்தரவும் இல்லை. ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று என் புகாரை மூடிவிட்டீர்கள். நவம்பர் 27 அன்று மறுபடி ஆரம்பித்தது.

என் வாரண்டி அட்டையில் டெக்னீஷியன் வீட்டுக்கே வருவார் என்று அச்சிட்டிருக்கிறது. கேட்டபோது, நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும், அதனால் தாமதமாகும் என்றார்கள். 2024 மே மாதத்திலிருந்து இங்கே சுற்றுலா வருகிற ஒவ்வொரு வெளியூர் வண்டியும் அதை ஆன்லைனில் எடுத்துத்தான் வருகிறது. அதை ஒரு காரணமாகச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. டிசம்பர் 6 அன்று நானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஒரு வழி மட்டும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். எந்த மாடலைத் திறந்து எப்படிச் சுழற்றினால் விழும் என்று ஒரு தாளில் எழுதி, அந்த மாடலை ஒரு பென் டிரைவில் போட்டு, இரண்டையும் ஒரு கவரில் வைத்துப் பின் அடித்துக் கொடுத்தேன். எட்டு நாள் கழித்து ‘பழுது எதுவும் இல்லை, ஃபார்மட் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு லேப்டாப் கிடைத்தது. கவர் பின் அடித்தபடியே இருந்தது. யாரும் பிரிக்கவில்லை.

டிசம்பர் 23 அன்று மறுபடி விழுந்தது. அடுத்த முறை பேசிய ஊழியர், மலைப்பகுதி ஈரப்பதத்தால் போர்டு கெட்டிருக்கலாம், அப்படியானால் வாரண்டியில் வராது என்றார். போர்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இதைச் சொன்னார். என் பில்லில் கோத்தகிரி முகவரிதான் இருக்கிறது. மலையில் இருப்பவருக்கு விற்கும்போது வராத ஈரப்பதம் வாரண்டி கேட்கும்போது வருவது எந்த வகையில் நியாயம்?

அன்று இரவு என் நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு முறை ஃபார்மட் ஆகியிருக்கிறது. இரண்டு முறையும் அதன் பிறகு சில நாள் லேப்டாப் நன்றாக ஓடி, அப்புறம் விழ ஆரம்பித்திருக்கிறது. ஈரமும் வோல்டேஜும் ஃபார்மட்டுக்குக் கட்டுப்பட்டு ஒன்பது நாள் காத்திருக்குமா? ஃபார்மட் செய்யும்போது பழைய நிலைக்குத் திரும்பி, சில நாளில் தானாக மாறிவிடுகிற ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும். லேப்டாப்பின் பாகங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கிராபிக்ஸ் டிரைவரின் தேதியைப் பார்த்தேன். அக்டோபர் 2024 என்று இருந்தது. நான் லேப்டாப் வாங்கியதே ஆகஸ்ட்டில். அப்படியென்றால் லேப்டாப்போடு வந்த டிரைவர் இது இல்லை.

ஊட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவரிடம் கேட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். முதலில் ஒரு ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓட்டினேன், பிழை இல்லை. டிஸ்க்கிலும் விண்டோஸ் கோப்புகளிலும் கோளாறு இல்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறை திரை கறுத்த நேரத்துக்கும் நேராக 4101 என்ற பதிவு இருந்தது. டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது என்பதற்கு விண்டோஸ் போடும் எண் அது. பிறகு ஸ்கெட்ச்அப்பை, பிராசஸரோடு சேர்ந்தே வரும் சிறிய கிராபிக்ஸில் மட்டும் ஓடும்படி மாற்றினேன். மாடல் நத்தை மாதிரி நகர்ந்தது, ஆனால் ஒரு முறைகூட விழவில்லை. ஆக, தனி கிராபிக்ஸ் சிப்பும் அதன் டிரைவரும்தான் மிச்சம்.

ஜனவரி 4 அன்று நானே மூன்றாவது முறையாக ஃபார்மட் செய்தேன். இந்த முறை இன்டர்நெட்டை இணைக்கவே இல்லை. டிரைவரின் தேதியைப் பார்த்தேன்: மார்ச் 2024. அந்த டிரைவரை உடனே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். விண்டோஸ் தானாக டிரைவர் இறக்கும் வசதியையும் உங்கள் அப்டேட் ஆப்பையும் நிறுத்திவிட்டு, ஜனவரி 5 முதல் 26 வரை அன்றாட வேலை முழுவதையும் அதில் செய்தேன். 22 நாளில் ஒரு கிராஷும் இல்லை. ஜனவரி 27 அன்று வேண்டுமென்றே அக்டோபர் டிரைவரைப் போட்டு அதே மாடலைச் சுழற்றினேன். 40 நிமிடத்தில் திரை கறுத்தது. அன்று மட்டும் மூன்று முறை விழுந்தது, அதில் ஒன்று நீலத்திரை. இரவு, விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் போய் அந்த டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் பழையதைப் போட்டேன். மறுநாளிலிருந்து தொந்தரவு இல்லை.

இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. பிழை அந்த டிரைவருக்குள் இருக்கிறதா, இந்த லேப்டாப்பின் சிப்போடு அது சேராமல் போகிறதா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் உங்கள் பொறியாளர்கள். அதற்காகத்தான் ஜனவரி 30 அன்று, நீலத்திரை வரும்போது விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் கோப்புகள், ஈவென்ட் பதிவுகள், இந்தச் சோதனை விவரம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ‘தயவுசெய்து ஒருமுறை ஃபார்மட் செய்து பார்க்கவும்.’

சரி, பழைய டிரைவரிலேயே காலத்தை ஓட்டலாம் என்று இருந்தேன். மார்ச் 5 அன்று அதுவும் முடியாமல் போயிற்று. கேத்தரின் அருவிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று, மூத்த மகனுக்கு வீடு கட்ட என்னிடம் பிளான் கேட்டிருந்தது. அப்பா, அம்மா, மகன், மருமகள் நால்வரும் என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தாங்கு சுவர் எதற்கு அவ்வளவு உயரம், அவ்வளவு செலவு எதற்கு என்று பெரியவர் கேட்டார். பின்பக்கச் சரிவைச் சுழற்றிக் காட்டும்போது திரை நீலமாயிற்று. மறுபடி ஆன் செய்தபோது அந்த மாடல் திறக்கவில்லை, கெட்டுவிட்டது. அதற்கு முந்தைய நகலில் சரிவின் கடைசி அளவுகள் இல்லை. மறுநாள் இரண்டு ஆட்களைக் கூட்டிப்போய், பனி ஈரம் காயாத அந்தச் சரிவில் டேப் பிடித்து மறுபடி அளந்து வந்தேன். ஆள்கூலி என் கையிலிருந்து போனது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவரின் உயரத்தை இப்போது அவர் முழுசாக நம்புகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சரிவில் கட்டும் வீட்டுக்கு அந்தச் சுவர் உயிர்நாடி. அதில் சந்தேகம் வரும்படி செய்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்து டிரைவரின் தேதியைப் பார்த்தேன். அக்டோபர் 2024. நான் நிறுத்தி வைத்திருந்த உங்கள் அப்டேட் ஆப், தன்னையே புதுப்பித்துக்கொண்டபோது பழைய அமைப்புக்குத் திரும்பி, டிரைவரையும் மாற்றியிருக்கிறது. அந்த ஆப்பை நீக்கிவிடலாமா என்று கேட்டால், நீக்கினால் வாரண்டி உதவி தர இயலாது என்கிறார்கள். உங்கள் இணையதளத்தில் என் மாடலுக்கான பக்கத்தில் மார்ச் டிரைவர் இப்போது இல்லை, அக்டோபர் டிரைவர் மட்டும்தான் இருக்கிறது. நான் நகல் எடுத்து வைத்ததால் தப்பித்தேன். இதே மாடலை வாங்கிய மற்றவர்கள் எங்கே போவார்கள்?

எனவே நான் கேட்பது இவைதான். என் கோப்புகளைப் பொறியாளர் ஒருவர் படித்து, காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை மார்ச் டிரைவரை உங்கள் இணையதளத்தில் மறுபடி வைக்க வேண்டும். ஒருவர் அப்டேட்டை நிறுத்தினால் அது நின்றபடியே இருக்க வேண்டும். டிரைவர் அல்ல, சிப்தான் பழுது என்று உங்கள் சோதனையில் தெரிந்தால், போர்டை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். ஈரப்பதம் என்ற பேச்சைத் திரும்பப் பெற வேண்டும். என் வாரண்டி வரும் ஆகஸ்ட்டில் முடிகிறது. நவம்பர் 11-லிருந்து பிரச்சினை தீரும் நாள் வரையிலான காலத்தை அதோடு கூட்டித் தர வேண்டும். கோவைக்கு இரண்டு முறை போய் வந்த செலவுக்கும், மறு அளவீட்டுக் கூலிக்கும் ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

போனில் பேசிய ஊழியர்கள் யார் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதைச் சொன்னார்கள். அந்தத் தாளில் ‘டிரைவரின் தேதி என்ன, கடைசியாக எப்போது மாறியது’ என்ற கேள்வியை முதலில் சேருங்கள். முதல் நாளே அதை யாராவது கேட்டிருந்தால் மூன்று ஃபார்மட்டும் இந்தக் கடிதமும் தேவைப்பட்டிருக்காது.

இன்றிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். போக எனக்கு விருப்பமில்லை. அந்த நாட்களை வரைபட மேஜையில் செலவிடவே விரும்புகிறேன்.

இப்போது மறுபடி மார்ச் டிரைவரைப் போட்டு வேலை செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் பொறியாளர் சோதிக்க விரும்பினால், விழவைக்கும் அந்த மாடலை எந்த நேரத்திலும் அனுப்பத் தயாராக இருக்கிறேன். பென் டிரைவ் அந்தக் கவரிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சென்டர் குறிப்பு, கிராஷ் நோட்டின் படங்கள், மினிடம்ப் கோப்புகள், செலவு ரசீதுகள்.