மயாமியில் எடுபட்டது பிரைட்டனில் ஏன் எடுபடவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தொலைக்காட்சிக் கட்டுரை, அமெரிக்க நகைச்சுவை ஆங்கிலேயருக்கு ஒத்துவராததால்தான் அங்கிருந்து தழுவிய தொடர்கள் பிரிட்டனில் தோற்றன என்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டு ஆங்கிலேயப் பாட்டியோடு உட்கார்ந்து சேனல் 4-இல் 'கோல்டன் கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்ப்பேன். மயாமியில் ஒரே வீட்டில் வாழும் நான்கு பெண்களின் கதை. மூத்தவளான சோஃபியா மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பாள். அவள் வாயைத் திறக்கும்போதே பாட்டி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிடுவார். சிரிப்பில் தேநீர் சிந்திவிடும் என்று அவருக்குத் தெரியும்.

1993-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி அதே கதையை இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு மாற்றி 'பிரைட்டன் பெல்ஸ்' என்று எடுத்தது. ஷீலா ஹான்காக், வெண்டி கிரெய்க் என்று தேர்ந்த நடிகைகள். மூல வசனங்களையே அங்கங்கே மாற்றிப் பேசவைத்தார்கள். பாட்டியின் கோப்பை கையிலேயே இருந்தது. "எங்கள் ஊரில் யாரம்மா இப்படியெல்லாம் பேசுகிறார்கள்?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்கத் தொடரில் சண்டை போடுவார்கள், அழுவார்கள், அரை மணி நேரத்துக்குள் கட்டியணைத்துச் சமாதானமாவார்கள். ஆங்கிலேயர் சிரிப்பதோ பெரும்பாலும் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுத் திண்டாடும் மனிதரைப் பார்த்து. மயாமிக்காரி பேசியபோது ரசித்த பாட்டிக்கு, அதே பேச்சு பிரைட்டன் பெண்ணின் வாயிலிருந்து வந்ததும் பொய்யாகத் தெரிந்தது. தொடரை ஆறு வாரங்களில் நிறுத்திவிட்டு, மீதியை மறு ஆண்டு ஒளிபரப்பினார்கள்.

ஆனால் 'தி அப்பர் ஹேண்ட்' என்ற பிரிட்டிஷ் தொடர் தோற்கவில்லையே! அதுவும் அமெரிக்கச் சரக்குதான். மூலம் 'ஹூஸ் தி பாஸ்?'. அங்கே புரூக்ளினைச் சேர்ந்த இத்தாலிய வம்சாவளி முன்னாள் பேஸ்பால் வீரர் ஒருவர், கனெக்டிகட்டில் விளம்பரத்துறை அதிகாரியான பெண்ணின் வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். பிரிட்டனில் அவரை முன்னாள் கால்பந்து வீரராக்கி, வசதியானவர்கள் வாழும் ஹென்லி என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் ஒருவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினாலே எந்த வர்க்கம் என்று சொல்லிவிடலாம். லண்டன் உழைப்பாளி, வசதியான வீட்டுச் சமையலறையில் நின்றால் கதைக்கு வேண்டிய உரசல் தானாகவே வந்துவிடும். 1990 முதல் 1996 வரை ஓடியது. மூலத்தில் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாத ஜோடிக்கு பிரிட்டனில் திருமணமும் செய்துவைத்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கட்டுரையாளர் 'தி ஃபாஸ்டர்ஸ்' பற்றி ஒரு வரிகூட எழுதாததுதான் என் பெரிய வருத்தம். சிகாகோவின் கறுப்பினக் குடும்பத்தைக் காட்டிய 'குட் டைம்ஸ்' தொடரை, 1976-இல் தெற்கு லண்டன் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். கயானாவில் பிறந்த நார்மன் பீட்டன் தந்தையாகவும், பதின்பருவ லென்னி ஹென்றி மகனாகவும் நடித்தார்கள். கறுப்பினக் குடும்பம் ஒன்றை மையமாக வைத்த நகைச்சுவைத் தொடர் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு அன்று புதிது. வேற்று நாட்டிலிருந்து போய் அங்கே குடியேறிய என்னைப் போன்றவர்களுக்கு அது சிறிய செய்தி அல்ல. அந்தத் தொடரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி