லாங்ஸ் பீக் ஏறும் முன் படித்துவிடு

அன்புள்ள பாப்பா,

லாங்ஸ் பீக் மலை ஏறப் போவதாக நீ சொன்னதிலிருந்து உங்கள் அப்பா கொலராடோ வானிலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்கிற வயசா உனக்கு? ஆனால் இந்த வாரம் தம்பியோடு பாஸ்டன் சயின்ஸ் மியூசியத்துக்குப் போய் வந்ததிலிருந்து மின்னலைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று கை பரபரக்கிறது.

ஹோம்ஸ்கூல் அம்மாக்கள் சேர்ந்து போனோம். பாடத்திட்டத்தில் 'மின்சாரம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன், அதற்கும் கணக்காகிவிட்டது. வான் டி கிராஃப் என்ற விஞ்ஞானி 1930களில் கட்டிய, செயற்கை மின்னல் உண்டாக்குகிற ராட்சத ஜெனரேட்டர் அங்கே இருக்கிறது. இரண்டு உயரமான தூண்கள், அவற்றின் மேல் 15 அடி அகலத்தில் அலுமினியக் கோளங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டார்கள். படீர் படீரென்று வெட்டியதில் முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதை இயக்குகிற பெண் ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருந்தார். மின்னல் கூண்டின் மேலேயே விழுகிறது, அவர் உள்பக்கமாகக் கம்பியைத் தொட்டுக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்! மின்சாரம் உலோகத்தின் வெளிப்பக்கமாகவே ஓடிவிடுகிறதாம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பிழைப்பதும் இதனால்தான், டயரால் இல்லை. ரப்பர் செருப்பு போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். மைல் கணக்கில் காற்றைப் பிளந்து வருகிறதற்கு அரை இஞ்ச் ரப்பர் எம்மாத்திரம்?

எனக்கு உறைத்தது மாடுகள் விஷயம். மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடந்ததாகச் செய்தி வருமே, ஒவ்வொன்றின் மேலும் மின்னல் விழுந்திருக்க வேண்டியதில்லை. மரத்தில் இறங்கியது தரை வழியே பரவி, முன்னங்காலில் ஏறிப் பின்னங்காலில் இறங்குகிறது. அதனால் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் தரையில் படுக்கக் கூடாது. நண்பர்களோடு ஒட்டி நிற்கவும் கூடாது. தள்ளித் தள்ளி நின்றால் ஒருவருக்கு அடிபட்டாலும் ஓடிவர இன்னொருவர் இருப்பார். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, பயப்படாமல் தொடலாம். இதயம் நின்றுபோவதால்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. உடனே சிபிஆர் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) கொடுத்தால் மீட்க வாய்ப்பு உண்டு.

இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் நாம் இருக்கிறோம். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை ஐந்து நொடிக்கு ஒரு மைல் என்று பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்கினார்கள். உங்கள் அப்பத்தா இதையெல்லாம் எண்ணியதில்லை. 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிடுவார். அர்ஜுனன் காப்பாற்றினானோ இல்லையோ, உள்ளே வந்தது காப்பாற்றியது.

மலையில் உள்ளே வர வீடு ஏது? லாங்ஸ் பீக் 14,259 அடி. சுமார் 11,000 அடிக்கு மேல் மரமே கிடையாது, அங்கே நீதான் உயரம். கோடையில் காலை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மதியத்துக்குள் மேகம் திரண்டுவிடும். பாறை இடுக்கும் திறந்த கொட்டகையும் மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. போக வரக் கிட்டத்தட்ட 15 மைல் நடை. விடிந்த பிறகு கிளம்பலாம் என்றாயே, அது சரிப்படாது. மூன்று மணிக்கே ஹெட்லைட் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நண்பகலுக்கு முன்பே உச்சியை விட்டு இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். மேகம் கறுத்தால் உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும் திரும்பிவிடு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை காரை விட்டு வெளியே வராதே.

மேலே இடி கேட்டால் நொடி எண்ணிக் குறித்துக்கொண்டு வரச் சொல்கிறான் உன் தம்பி, அவன் நோட்டுக்கு வேண்டுமாம். அதெல்லாம் அக்கா செய்யமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். காருக்கு வந்ததும் ஒரு மெசேஜ் போடு, அப்பா தூங்காமல் இருப்பார்.

அன்புடன்,
அம்மா